பெட்ரோல் வாசமும் அமத்தாவின் கற்பூரத் தட்டும்

"பழைய வண்டின்னா பெட்ரோல் வாசம் கொஞ்சம் அடிக்கத்தானுங்க செய்யும்." கொங்குப் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இந்த வசனம் தவறாமல் வரும். சத்தியமங்கலத்து மல்லிகைத் தோட்டக்காரர் தன் பூவைப் பற்றிச் சொல்கிற மாதிரி ஒரு பெருமையோடு வரும். வாசம் அடிக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகாத வண்டி, வயசு அறுபது ஆனாலும், மணக்காது.

இந்தக் கூத்தின் நாயகன் 1966 மாடல் எம்ஜிபி கார். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி. இரண்டு சீட்டு, கழற்றி வைக்கிற கூரை, 1798 சிசி, எஸ்யூ கம்பெனியின் இரட்டை கார்பரேட்டர் (பட்டறை மொழியில் கார்பு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது). பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக்கும் உர மூட்டைக்கும் நடுவில் பல வருசம் படுத்துக் கிடந்தது. அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா, ஆசைப்பட்டு வாங்கியது. பேரனுக்கு இப்போது வால்பாறை மலையேறும் ஆசை. தூசி தட்டி, பேட்டரி மாட்டி, கோயமுத்தூர்ப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். கிணத்துக்கடவில் டீக்கு நிறுத்தியபோது பக்கத்தில் சிகரெட்டோடு நின்றவர் எட்டிப் பார்த்து, "நல்லா கமகமன்னு இருக்குதுங்க" என்று பாராட்டினாராம்.

அவர் பிழைத்தது புண்ணியம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும். காற்றில் அந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். எம்ஜிபியில் இன்னொரு விசேஷம்: கார்பரேட்டர் இரண்டும், சூட்டுப் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினுக்கு ஒரே பக்கம். மேலே பெட்ரோல், கீழே பழுக்கக் காய்ந்த இரும்பு, நடுவில் ஒரு தகடு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

மேஸ்திரி வண்டியைக் குழி மேல் ஏற்றவிடவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தாழ்வான இடத்தைத் தேடிப் போய் உட்காரும். பட்டறைக் குழி அதற்கென்றே வெட்டினது மாதிரி. அதனால் வெளியே வேப்ப மரத்தடியில் தள்ளி நிறுத்தினார்கள். முதல் வேலை பேட்டரி எர்த்தை, அதாவது பாடிக்குப் போகும் ஒயரை, கழற்றுவது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1967 கடைசி வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்க தோசத்தில் நெகட்டிவ் டெர்மினலில் ஸ்பேனரைப் போட்டு, அது பாடியைத் தொட்டால் பட்டாசு வெடிக்கும். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி இருக்கும். எந்த ஒயர் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பார்க்க எல்இடி டார்ச். ஒயரில் தொங்கும் குண்டு பல்பு வண்டிக்கடியில் விழுந்து உடைந்தால் அதன் இழையே தீக்குச்சி.

பானட்டைத் திறந்ததும் அப்புச்சி காலம் முதல் நேற்று வரை நடந்த ரிப்பேர் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒரிஜினல் ரப்பர் ஹோஸ் கொஞ்சம். அதன் நுனியில் கேஸ் அடுப்பு டியூப் ஒரு துண்டு. அதற்கும் பிறகு கறுப்பாக, வழவழவென்று, எங்கேயோ பார்த்த மாதிரி ஒன்று.

"இது சொட்டு நீர் டியூப்தானுங்களே?"

"ஆமாங்ணா, தோப்புக்குப் போட்டதுல மிச்சம் இருந்துச்சு. புதுசுதானுங்க."

புதுசுதான், தென்னைக்கு. அது பாலித்தீன். பெட்ரோலில் ஊறினால் உப்பும், மேனிஃபோல்டு சூட்டில் கொழகொழக்கும், கிளிப் பிடியிலிருந்து மெல்ல நழுவும். கேஸ் டியூப் கேஸுக்குச் செய்தது, பெட்ரோலுக்கு அல்ல. பைக் கடையில் கிடைக்கும் கண்ணாடி டியூப் மஞ்சளாகி இறுகி, வளைத்தால் படக்கென்று விடும். பழைய ஒரிஜினல் ஹோஸோ மேலே பார்த்தால் ஆரோக்கியம். மடக்கிப் பார்த்தால் நுனியில் வெடிப்பு, உள்ளே கறுப்பாக உதிர்கிற ரப்பர். நம் பங்க் பெட்ரோலில் எத்தனால் 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்டு, 2025-இல் 20 சதவீதம் ஆகிவிட்டது. அறுபதுகளின் ரப்பர் இதைக் கனவிலும் கண்டதில்லை.

வாங்க வேண்டியது, மேலே 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சடித்த ஹோஸ். உள்ளே ஃப்ளோரோ ரப்பர் படலம் இருப்பதால் எத்தனால் தாங்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்பார். அச்சு இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அளவை வெர்னியரில் எடுக்க வேண்டும். 8 மிமீ இரும்புப் பைப்புக்கு 8 மிமீ உள்விட்டம். 6 மிமீ ஹோஸை வெந்நீரில் போட்டு விரித்து ஏற்றினால் நுனியில் கிழியும். 10 மிமீ ஹோஸைப் போட்டு கிளிப்பில் நெரித்தால் ஓரத்தில் மடிப்பு விழுந்து அந்த மடிப்பு வழியாகவே கசியும். கிளிப்பும் பட்டையில் ஓட்டை வெட்டியிருக்கிற சாதா மாடல் வேண்டாம், அது ரப்பரை அரத்தால் அராவுகிற வேலை பார்க்கும். வழுவழுப்பான பட்டை வைத்த ஃப்யூவல் கிளிப்தான் சரி.

ஹோஸ் மாற்றும் நேரத்தில்தான் பின்னால் இன்னொரு காரில் அமத்தா, அப்புச்சியின் வீட்டுக்காரம்மா, வந்து இறங்கினார். கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம், கற்பூரம், தீப்பெட்டி. "வண்டி பட்டறைக்குப் போகுதுன்னா கண்ணு பட்டிருக்குமுங்க, ஒரு சுத்து சுத்திட்டு வேலையப் பாருங்க." தீப்பெட்டி உரசப் போன கையை மேஸ்திரி பாய்ந்து பிடித்தார். "ஏனுங்காத்தா, எலுமிச்சம்பழம் எத்தனை வேணும்னாலும் வைங்க. கற்பூரம் மட்டும் கேட்டுக்கு வெளிய, ரோட்டோரமா வெச்சுக்கலாமுங்க." அமத்தாவுக்கு மனசே இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு எத்தனை பட்டறைகளில், எத்தனை கார்புகளுக்குக் கீழே கற்பூரம் எரிகிறது என்று யோசித்தால் கொஞ்சம் குலை நடுங்கத்தான் செய்கிறது.

அடுத்து மேஸ்திரி பையனைக் கூப்பிட்டு, "போய் கோலப்பொடி வாங்கிட்டு வா" என்றார். அமத்தாவின் முகம் மலர்ந்தது. "இதைத்தான் மொதல்லயே செஞ்சிருக்கோணும்."

கோலப்பொடி பூஜைக்கல்ல. திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொரு ஜாயிண்டையும் ஈரம் போகத் துடைத்து, பொடியை ஊதித் தூவிவிட்டால், கசிகிற இடம் மட்டும் கருத்து ஈரமாகும். பெட்ரோல் ஓடி ஓடி எங்கேயோ போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தைப் பார்த்தால் ஏமாந்து போவோம், மேலே எங்கே முதலில் பொடி நனைகிறது என்றுதான் பார்க்க வேண்டும். துடைப்பதற்கு முன்னாலேயே ஒரு குறிப்பும் கிடைக்கும். பெட்ரோல் காய்ந்த இடத்தில் தேன் நிறத்தில் ஒரு கறை இருக்கும்.

ஆவி கலைந்து, ஃபயர் எக்ஸ்டிங்விஷரோடு ஒருவர் பக்கத்தில் நின்ற பிறகு பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினார்கள். எஸ்யூ பம்ப் பின்பக்கம், வலது சக்கரத்துக்குக் கிட்டே அடியில் இருக்கும். 'டக்டக்டக்' என்று அடித்து, பெட்ரோல் தேங்கி நிற்கிற கார்பு கிண்ணங்கள் நிரம்பியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்தப் பம்ப் மூடவில்லை. சில விநாடிக்கு ஒரு 'டக்'. எஞ்சின் ஓடாமல் இப்படி அடித்தால், பெட்ரோல் முன்னால் எங்கேயோ வெளியே போகிறது, அல்லது பம்ப் வால்வ் வழியாக டேங்குக்கே திரும்புகிறது. பட்டறையில் இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது. ஒரு காது போதும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பம்புக்குள் கரண்டைத் தொட்டுத் தொட்டு விடும் பாயிண்ட் ஒவ்வொரு டக்குக்கும் ஒரு சின்னப் பொறி விடும். நடுவில் இருக்கும் சவ்வு, டயாஃப்ரம், கிழிந்தால் பொறியும் பெட்ரோலும் ஒரே வீட்டில் குடியிருக்கும்.

வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர், "இதெல்லாம் எதுக்குங்ணா, மாருதி எம்பிஎஃப்ஐ பம்ப் ஒண்ணு போட்டுட்டா ஜோலி முடிஞ்சுது" என்றார். முடியும், வண்டியின் ஜோலி. எஸ்யூ கார்பு கேட்பது சுமார் 3 பிஎஸ்ஐ அழுத்தம். எம்பிஎஃப்ஐ என்கிற இன்ஜெக்‌ஷன் பம்ப் தருவது 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ. கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வ் அந்த அழுத்தத்தைத் தாங்காது. கிண்ணம் பொங்கி நேரே மேனிஃபோல்டுக்குப் பூஜை நடக்கும்.

பொடி இரண்டு இடத்தில் கருத்தது. ஒன்று முன் கார்பின் ஓவர்ஃப்ளோ பைப். ஃப்ளோட் கிண்ணத்தின் மூடிக்கு மூன்று ஸ்க்ரூ. கழற்றி நீடில் வால்வைப் பார்த்தால் அதன் உட்காருமிடத்தில் வெள்ளையாக ஒரு நூல். டெஃப்லான் டேப். யாரோ பம்பில் பைப் சேருகிற யூனியனில் தண்ணிக் குழாய்க்குச் சுற்றுகிற மாதிரி சுற்றியிருக்கிறார்கள். அதன் பிசிறு பெட்ரோலோடு வந்து நீடிலுக்கு அடியில் மாட்டி, வால்வ் மூடவில்லை. பின்னால் ஒரு ஒழுகலை அடைக்கப் போய் முன்னால் அதைவிட மோசமான இடத்தில் ஒழுகல். யூனியனுக்கு வேண்டியது புது ஃபைபர் வாஷர் மட்டுமே. ஒரு தடவை நசுங்கின வாஷரைத் திரும்பப் போடக்கூடாது. சிலிகான் பசையும் இங்கே ஆகாது, பெட்ரோலில் உப்பிப் பிய்ந்து இதே வேலையைத்தான் செய்யும்.

நீடிலின் கூம்பு முனையை விரல் நகத்தால் வருடிப் பார்த்தால் ஒரு வளையம் தட்டுப்பட்டது. தேய்மானம். நீடிலும் அது உட்காருகிற சீட்டும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கிண்ணத்துக்குள் மிதந்து நீடிலைத் தள்ளி மூடுகிற ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும், உள்ளே தளும்பினால் ஓட்டை. பிறகு மட்டம்: மூடியைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட் தன் எடையில் நீடிலை மூடியிருக்கும்போது, லீவருக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது 3.2 முதல் 4.8 மிமீ. 1/8 டிரில் பிட்டை நுழைத்துப் பார்த்தால் போதும். லீவர் இரும்பாக இருந்தால் வளைக்கலாம். நைலான் என்றால் வளைக்க முயன்றால் உடையும், சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். ஓவர்ஃப்ளோ பைப்பின் கீழ் நுனி மேனிஃபோல்டைத் தாண்டி இறங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. இந்த வண்டியில் யாரோ அதைப் பாதியில் வெட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது ஈரம் பின் கார்பில், கிண்ணத்துக்கு அடியில். இந்த எச்எஸ்4 மாடல் கார்பில் கிண்ணத்திலிருந்து, பெட்ரோலைக் காற்றில் விடுகிற ஜெட்டுக்கு ஒரு நைலான் பைப் போகும். அது கிண்ணத்தில் நுழைகிற இடத்தில் கடலைப் பருப்பளவு ரப்பர் கிளாண்ட், அதன் பின்னால் பித்தளை வாஷர், மேலே நட். ரப்பர் இறுகிப் போனால் நட்டை எத்தனை முறுக்கினாலும் ஒழுகும். முறுக்க முறுக்க நைலான் பைப் நசுங்கும். புது கிளாண்டைப் போடும்போது பைப் அதற்கு வெளியே 3/16 அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் சூட்டில் பைப் உருவிக்கொண்டு வரும். அப்புறம் நடப்பது ஒழுகல் இல்லை, ஊற்று.

இத்தனைக்கும் பிறகு டிக்கியில் வாசம் நிற்கவில்லை. மேஸ்திரி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டேங்க் நெறஞ்சிருக்கறப்பவா, எப்பவுமாங்க?" நிறைந்தால் மட்டும் என்றால் அடிப்பக்கம் தப்பு இல்லை. மேல்பக்கத் துரு, பெட்ரோல் அளவு காட்டுகிற கேஜ் யூனிட்டின் சீல், ஊற்றுகிற கழுத்துக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள ரப்பர், இந்த மூன்றில் ஒன்று. எம்ஜிபி டேங்க் டிக்கித் தரையோடு ஒட்டி மேலே போல்ட் ஆகும். நடுவில் மண்ணும் ஈரமும் தங்கி, டேங்க் மேல் தகடு யாருக்கும் தெரியாமல் சல்லடையாகும். கீழே படுத்துப் பார்த்தால் பெயிண்ட் பளபளக்கும்.

பெட்ரோலை இறக்கப் பையன் பிளாஸ்டிக் குடத்தோடு வந்தான். திருப்பி அனுப்பினார்கள். பிளாஸ்டிக்கில் பெட்ரோல் கொட்டும்போது ஸ்டாட்டிக் கரண்ட் சேரும், போக வழியிருக்காது. தகர டின், அதிலிருந்து வண்டி பாடிக்கு ஒரு ஒயர். கேஜ் யூனிட்டின் பூட்டு வளையத்தைப் பித்தளை ராடு வைத்துத் தட்டித் திருப்ப வேண்டும், இரும்பு உளி பொறி விடும்.

டேங்கை இறக்கியதும் மேலே ஊசி ஊசியாக ஓட்டைகள். ஒன்றில் 501 பார் சோப்பு தேய்த்து அடைத்திருந்தார்கள். சோப்பைக் கேலி செய்ய வேண்டாம், பெட்ரோலில் அது லேசில் கரையாது, நடுவழியில் வீடு போய்ச் சேர உதவும். மழை பெய்தால் மட்டும் நுரைத்துக்கொண்டு போய்விடும்.

"காலி டேங்க்தானுங்களே, பக்கத்து லேத்துல ஒரு வெல்டிங் வெச்சுட்டா?" பேரன் கேட்டார். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிடப் பொல்லாதது. நிறைந்ததில் ஆவிக்கு இடமில்லை, காலியில் முழுக்க ஆவி. சோப்புத் தண்ணி விட்டுக் கழுவினாலும் மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், தீ காட்டினதும் வெளியே வந்து வணக்கம் சொல்லும். கம்ப்ரசர் காற்றடித்து ஓட்டை தேடுவதும் ஆகாது, தகடு உப்பிப் போகும். வாயால் ஊதுகிற காற்றும் சோப்பு நுரையும் போதும். ஒரு ஓட்டை என்றால் எபாக்ஸி பற்றி யோசிக்கலாம், சல்லடைக்கு வைத்தியம் கிடையாது. எம்ஜிபிக்குப் புது டேங்க் இன்றும் இங்கிலாந்திலிருந்து வருகிறது. வரியோடு சேர்த்து விலை கேட்டதும் பேரன் கொஞ்ச நேரம் வேப்ப மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அமத்தாதான் பணம் தருவதாகச் சொன்னார்.

டேங்க் வந்து மாட்டியாயிற்று. டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் 2 கிலோ பவுடர் எக்ஸ்டிங்விஷர், பானட்டுக்குள் அல்ல. ஹோஸ்களின் மேல் மாதமும் வருசமும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியாயிற்று, ஐந்து வருசத்தில் நல்லா இருந்தாலும் மாற்ற வேண்டும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மேஸ்திரியின் உத்தரவு: "மொதல்ல பாதி டேங்க்ல ஆழியார் வரைக்கும் போயிட்டு வாங்க. நின்னதும் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிசம் கழிச்சு பானட்டைத் தொறங்க. சூடு மேல ஏறுறது அப்பத்தான், ஒழுகுறதுன்னா அப்பத்தான் ஒழுகும். திரும்பி வந்ததும் ஹோஸ் கிளிப் எல்லாம் கால் சுத்து டைட் பண்ணோணும். அப்பறமா ஃபுல் டேங்க் அடிச்சு, மலையேறலாமுங்க."