கேபிள் வாங்கும் முன் அடிக்கணக்கைச் சொல்லுங்கள்

அன்னூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரம் அடியைத் தாண்டிய போர்வெல் இன்று அரிதான ஒன்றல்ல. அத்தனை ஆழத்துக்கு மோட்டார் இறக்கும் விவசாயி, எத்தனை எச்.பி., எத்தனை ஸ்டேஜ், எந்தக் குழாய் என்று கோயம்புத்தூரில் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கிறார். கேபிள் என்று வரும்போது மட்டும், கடைக்காரர் “எத்தனை எச்.பி.ங்க?” என்று கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் எடுத்துக் கொடுக்கும் சுருளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். எச்.பி. பாதிக் கணக்குதான். மீதிப் பாதி தூரம். நம் பக்கத்தில் ஆழமும் தூரத்தில் சேர்த்திதான் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

கேபிளின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்த ஆம்பியரைச் சுமந்தால் கம்பி சூடாகுமா என்பது ஒன்று. மறுமுனைக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் போதுமா என்பது மற்றொன்று. கடைகளில் இருக்கும் அட்டவணையின் ஆம்பியர்க் கணக்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. வீட்டுக்குள் பத்து மீட்டர் ஒயர் இழுப்பவருக்கு அது போதும். தோட்டத்தில் பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான் அளவை முடிவு செய்கிறது.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். ஏழரை எச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும். முழு வோல்டேஜையும் எடுத்த எடுப்பிலேயே கொடுக்கும் நேரடி ஸ்டார்ட்டரில் ஓடும் அந்த மோட்டாரை ஆயிரம் அடியில், அதாவது 305 மீட்டரில் தொங்கவிட்டிருக்கிறோம் என்று கொள்வோம். கடையில் ‘நாலு ஸ்கொயர்’ என்று கேட்டு வாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளின் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 4.95 ஓம், 6 சதுர மில்லிமீட்டருக்கு 3.3, பத்துக்கு 1.91. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.85 என்று வைத்துக் கணக்கிட்டால், நாலு ஸ்கொயரில் சுமார் 33 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது, ஆறில் 22, பத்தில் 13. 415 வோல்ட்டுக்கு இவை முறையே 8, 5, 3 சதவீதம். அட்டவணைப்படி 15 ஆம்பியரை நாலு ஸ்கொயர் தாராளமாகத் தாங்கும், ஆகவே கடைக்காரர் கொடுத்ததும் தவறில்லை. ஆனால் அவரிடம் யாரும் ஆழத்தைச் சொல்லவில்லை.

இந்த எட்டுச் சதவீதம் காகிதத்தில் சிறிதாகத்தான் தெரியும். மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் விசை ஏறத்தாழ இருபது சதவீதம் குறைகிறது, அதே தண்ணீரைத் தூக்கவேண்டிய மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்து அதைச் சரிக்கட்டப் பார்க்கிறது, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயில் சூடேறுகிறது. நம் தோட்டங்களில் பல, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனின் கடைசியில் இருக்கின்றன. போர்டிலேயே 380 வோல்ட் காட்டும் இடத்தில், அதிலும் முப்பதைக் கேபிள் தின்றுவிட்டால், கீழே நிற்கும் மோட்டாருக்குக் கிடைப்பது 350. கோடையில் அடுத்தடுத்துக் காயில் போகும் மோட்டார்களைப் பார்க்கும்போது, கம்பெனியைக் குறை சொல்லும் முன் கேபிளை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும். ரீவைண்டிங் கூலி ஒருபுறம் இருக்க, ஆயிரம் அடியிலிருந்து மோட்டாரை ஏற்றி மறுபடி இறக்குவதற்கு வண்டிக்குக் கொடுக்கும் வாடகையே பெரிய தொகை. விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம் என்பதால், நாலு ஸ்கொயர் கேபிளில் வெறும் சூடாகப் போகும் ஒரு கிலோவாட் எந்த பில்லிலும் தெரிவதில்லை. காயிலில்தான் தெரிகிறது.

குறைந்த வோல்டேஜில் கிளப்பி, பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அதில் மோட்டாருக்கு இரண்டு கேபிள்கள் இறங்குவதால், ஓடும்போது ஒவ்வொரு கம்பியிலும் லைன் கரண்டில் 58 சதவீதம்தான் பாயும். அதனால் ஒரு படி சிறிய அளவு போதும். ஆயினும் நீர்மட்டம் இறங்கும்போது இன்னும் சில குழாய்களைச் சேர்த்து மோட்டாரைக் கீழே விடுவது நம் ஊரில் வழக்கம் என்பதால், இன்றைய ஆழத்துக்கு அல்லாமல் போரின் முழு ஆழத்துக்கும் கணக்கிடுவதே நல்லது.

மீட்டர் பெட்டியிலிருந்து போர் வரையுள்ள தூரத்தையும் இதே கணக்கில் சேர்க்கவேண்டும். அந்தப் பகுதிக்கு அலுமினியம் ஆர்மர்டு (இரும்புக் கவசமுள்ள) கேபிள் போடுபவர்கள் அதிகம், அதில் தவறில்லை. அலுமினியம் தாமிரத்தைப் போல ஏறத்தாழ அறுபது சதவீதமே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், தாமிரத்தில் 10 சதுர மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் அலுமினியத்தில் 16 போடவேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் வெறுமனே முறுக்கிவிடாமல், இரட்டை உலோக லக் (இணைப்பு முனை) வைத்து இறுக்கவேண்டும். மண்ணில் புதைப்பதானால் 75 சென்டிமீட்டர் ஆழம், அதாவது இரண்டரை அடி, இந்தியத் தர விதி சொல்லும் அளவு. ஏர் ஓடும் நிலத்தில் அதைக் குறைக்கவே கூடாது.

மோட்டாருக்கு இவ்வளவு பார்ப்பவர்கள்கூட, மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்துக்கு வீட்டிலிருக்கும் மிச்ச ஒயரை இழுத்துவிடுகிறார்கள். என் சித்தப்பாவின் தோட்டத்தில் வீட்டிலிருந்து கட்டுத்தரைக்கு அறுபது மீட்டர், ஒன்றரை ஸ்கொயர் ஒயர், இரண்டு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். கெபாசிட்டரை மாற்றிப் பார்த்தும், சோளத்தட்டை வாயில் கொடுத்தபடி சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமிக்கொண்டு நின்றதே தவிரச் சுற்றவில்லை. கட்டுத்தரையில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் மல்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 230 வோல்ட், சுவிட்சைப் போட்ட நொடியில் 170. ஓடும்போது பத்து ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும்போது ஐந்து ஆறு மடங்கு இழுக்கிறது. போகவும் வரவும் 120 மீட்டர்க் கம்பியில் ஏறத்தாழ ஒன்றரை ஓம் தடை. கிளம்பும் விசை பாதியாகிவிட்ட மோட்டார் எப்படிச் சுற்றும்? நாலு ஸ்கொயர் இழுத்த பிறகு, அதே கெபாசிட்டரில் அதே மோட்டார் ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டது.

அங்கே எனக்கு மோட்டாரைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒன்றரை ஓம் தடையுள்ள லைனின் கடைசியில் ஷார்ட் ஆனால், பாயக்கூடிய கரண்ட் அதிகபட்சம் 150 ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். ‘சி’ வகை 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) உடனே விழும் என்று உறுதி சொல்ல 200 ஆம்பியர் வேண்டும். ஈரத்தில் மாடும் மனிதரும் நிற்கும் இடத்தில் அந்தத் தாமதத்தை ஏற்க முடியாது. எனவே வெளியே போகும் ஒவ்வொரு லைனுக்கும் சரியான எர்த் கம்பியும் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும் என்று வயர்மேனிடம் பிடிவாதமாகவே சொல்லுங்கள்.

வயர்மேன்கள் இன்னும் ‘3/20’, ‘7/20’ என்று பழைய கேஜ் கணக்கில் பேசுவார்கள்; முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் கேஜ், அதாவது தடிமன் எண். 3/20 என்றால் சுமார் 2 சதுர மில்லிமீட்டர், 7/20 என்றால் நாலரைக்குச் சற்று மேல். கடையில் சதுர மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். மேலே அச்சிட்ட அளவுக்குத் தாமிரம் உள்ளே இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால், ஒரு மீட்டர் நீளம் வெட்டி, ஒரு கோரின் (கேபிளுக்குள் இருக்கும் தனிக் கம்பியின்) பிளாஸ்டிக்கை உரித்து, இழைகளை மட்டும் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். நாலு ஸ்கொயருக்குச் சுமார் 35 கிராமும், ஆறுக்கு ஐம்பதுக்கு மேலும் இருக்கவேண்டும். ஒன்றிரண்டு கிராம் குறைவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். நாலு ஸ்கொயர் என்று வாங்கியது 28 கிராம் காட்டினால், போருக்குள் இறக்கும் முன்பே சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறக்கிய பிறகு எந்தக் கடையிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.