கிட்ட வந்த மீன்கொத்தி

தோள் இன்னும் வலிக்கிறது. ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள லென்ஸைக் கடையில் இரண்டு நிமிடம் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று நினைத்தவன் நான். அதிகாலை முதல் இருட்டும்வரை அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால்தான் எடை என்றால் என்னவென்று தெரிகிறது.

வாங்கியது 150-600 மி.மீ. ஜூம்: தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் கேமரா லென்ஸ், எண் கூடக் கூட இன்னும் கிட்ட. ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு, பழைய 70-300 லென்ஸை விற்ற பணம், போதாததற்கு மாதத் தவணை. கேமராவைத் தாங்கும் ஒற்றைக்கால் கம்பான மோனோபாட் வாங்கக் காசு மிஞ்சவில்லை. முன்கண்ணாடி 95 மி.மீ. அகலம்; அதன்மேல் மாட்டும் காப்புக் கண்ணாடி, அதாவது ஃபில்டர், அந்த அளவில் நல்லதாக வேண்டும் என்றதும் சொன்ன விலையைக் கேட்டு, லென்ஸ் முனையைச் சுற்றி நிற்கும் குழலான ஹூடே போதும் என்று வந்துவிட்டேன். மலிவான ஃபில்டரை மாட்டி 600 மி.மீ. படத்தை மங்கலாக்குவதைவிட அது மேல்.

பறவைகளைப் படமெடுக்க ஏரிக்கு எப்படிப் போவது, எப்போது போவது, எதை எடுத்துச் செல்வது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசை நிற்காது போலிருக்கிறது. முதலில் அந்த பஸ்ஸைத் திட்டித் தீர்க்க வேண்டும்.

பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கை. இறங்கியவுடன் படமெடுக்கலாம் என்ற அவசரத்தில் லென்ஸைக் கேமராவில் மாட்டி, கீழ்நோக்கித் தொங்கவிட்டு மடியில் வைத்திருந்தேன். இந்த வகை லென்ஸ்களில் ஜூம் குழலைப் பூட்டி வைக்க ஒரு சிறு லாக் உண்டு. அதைத் தள்ள மறந்துவிட்டேன். பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்க, குழல் தன் எடையிலேயே அங்குலம் அங்குலமாக இறங்கி நீண்டிருக்கிறது. கடைசியில் ஒரு பெரிய குலுக்கலில் முன்னிருக்கைக் கம்பியில் 'டங்' என்று இடித்தது. இன்னும் கட்டி முடிக்காத தவணைகள் அத்தனையும் கண்முன் வந்துபோயின. அடியை வாங்கியது ஹூட்தான். ஒரு கீறலோடு தப்பித்தது. ஹூட் போடாமல் திரிகிறவர்களைக் கண்டால் இனி சண்டைக்கே போவேன்.

அடுத்தவர் படகோட்டி. பை மூடியிருந்தபோது ஒரு கட்டணம், லென்ஸ் வெளியே வந்தபின் அதில் இரண்டு மடங்கு. "பெரிய கேமரா தம்பி, கிட்ட கொண்டுபோக வேண்டும் அல்லவா?" என்றார். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரத்தானே ஐயா இதை வாங்கியிருக்கிறேன்! பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. விடியல் போய்க்கொண்டிருந்தது, கொடுத்துத் தொலைத்தேன்.

ஏரிக்குள் போனதும் முதல் பாடம். என் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது. அதில் 600 மி.மீ. என்பது பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவின் 900 மி.மீ. பார்வைக்குச் சமம். மூலைக்கு மூலை அளந்தாலும் 2.7 டிகிரிதான். அதாவது சாவித்துவாரம் வழியாக ஏரியைப் பார்ப்பது போல. வெறும் கண்ணுக்குச் சாம்பல் நாரை தெளிவாகத் தெரிகிறது. கேமராவைத் தூக்கினால் நாணல், தண்ணீர், மறுபடியும் நாணல். நாரையைக் காணோம். 150-இல் வைத்துப் பறவையைப் பிடித்து, அதை நடுவில் நிறுத்தியபடியே ஜூமைத் திருக வேண்டும் என்று கை பழகுவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது.

இரண்டாவது, வெளிச்சம். 600-இல் இந்த லென்ஸின் அபெர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 6.3-க்கு மேல் திறக்காது (எண் குறைந்தால் துளை பெரிது). எஃப் 2.8 லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்கினால் படம் கலங்கிவிடும் என்று பயம், அதனால் ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ. 6400-க்கு ஏறி, நாரையின் கழுத்தெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளிகள். அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே என்பீர்கள். அது என் கைநடுக்கத்தைத் தாங்கும். நாரை தலையைத் திருப்பினால் அதற்கு என்ன தெரியும்? இதில் படகின் இயந்திரம் வேறு தடதடத்துக்கொண்டிருந்தது. "நிறுத்துங்கள் ஐயா" என்று மூன்றாவது முறை சொன்னபிறகுதான் நிறுத்தினார். அந்த அமைதியில், 1/500-க்கே இறக்கி எடுத்த நான்கைந்து படங்களில் கண்ணின் மஞ்சள் வளையம்வரை துல்லியம். அப்போது மட்டும் தவணையை மறந்திருந்தேன்.

பத்து மணிக்குமேல் தூரத்தில் இருந்த எதுவும் கூர்மையாக விழவில்லை. லென்ஸ்தான் பழுதோ என்று வயிற்றைக் கலக்கியது. பழுது காற்றில். வெயில் ஏற ஏறச் சூடான காற்று அலையலையாக எழும்பும். அந்த அலைகள் அத்தனையையும் லென்ஸ் சேர்த்தே பெரிதாக்கிவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்கு மருந்தில்லை. கிட்டப் போவது ஒன்றுதான் வழி. படகோட்டி சொன்னதும் அதைத்தானே? அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்த மீன்கொத்தி. நீலமும் ஆரஞ்சுமாக, வாயில் மீனோடு, எங்கள் படகின் மூங்கில் கழிமீதே வந்து உட்கார்ந்தது. கை நீட்டினால் தொடும் தூரம். ஷட்டரை அழுத்துகிறேன், லென்ஸ் முன்னும் பின்னும் தேடுகிறது, ஃபோகஸ் பிடிக்கவில்லை. தொலைவில் ஃபோகஸ் வேகமாக விழட்டும் என்று பத்து மீட்டருக்கு உட்பட்டதைத் தேட வேண்டாம் என ஸ்விட்சைக் காலையிலேயே மாற்றி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. மாற்றினேன். அப்போதும் இல்லை. இந்த லென்ஸுக்குக் குறைந்தபட்சம் 2.8 மீட்டர் இடைவெளி வேண்டும். இருந்தது இரண்டு மீட்டர் இருக்குமா? பின்னால் சாய்ந்தேன், இன்னும் சாய்ந்தேன், படகு ஒரு பக்கம் சரிந்தது. மீன்கொத்தி போயிற்று. படகோட்டி சிரித்த சிரிப்பில் இரண்டு நீர்க்காகங்களும் எழுந்து பறந்தன.

ஆத்திரத்தில் ஜூமை 200-க்கு இறக்கி அந்த நீர்க்காகங்களைக் கண்டபடி சுட்டேன். தண்ணீரை உதைத்து ஓடி எழும் இரண்டு பறவைகள், பின்னால் இரு வரிசைத் துளிகள். நாள் முழுவதும் எடுத்த எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் அச்சிடத் தகுந்தது அது ஒன்றுதான். 200 மி.மீ.! விற்ற பழைய லென்ஸிலேயே எடுத்திருக்கலாம். இதை வீட்டில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

திரும்பும் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். இருட்டியதும் உச்சிவானில் பாதி நிலா. நிறுத்தத்துத் தூணில் முதுகைச் சாய்த்து, 600-இல் வைத்து ஒரு படம். வெறும் வெள்ளைத் திட்டு. கேமரா கருப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. எல்லாவற்றையும் நானே வைத்தேன்: ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/250. இவ்வளவு பெரிய லென்ஸிலும் நிலா சென்சாரில் ஐந்தரை மி.மீ. அகலத்துக்குத்தான் விழுகிறது, படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் பாதி நிலாவில் இருளும் ஒளியும் சேரும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். திரையில் பெரிதாக்கினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு விளிம்பு, ஒரு நிழல். பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்து, "இது இப்போது எடுத்ததா?" என்று கேட்டார். காட்டினேன். தலையை உயர்த்தி நிலாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

ஏழாவது படத்தின்போது பஸ் வந்துவிட்டது. மறுபடியும் பின்சக்கர இருக்கை. உட்காரும் முன்பே லாக்கைத் தள்ளிவிட்டேன்.