இருக்கிற ஜாவாவை இல்லை என்றது டாம்கேட்

கீழமாசி வீதியில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குப் பல வருடங்களுக்கு முன் ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜாவாவில் எழுதியது. ஜாவா புரோகிராம்களைப் பிரவுசருக்குப் பரிமாறும் டாம்கேட் என்ற சர்வர் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும். கல்லாவிலும் குடோனிலும் இருப்பவர்கள் பிரவுசரில் திறந்து பில் போடுவார்கள். போன மாதம் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. நல்லவேளை, பேக்கப் இருந்தது. மகன் வீட்டில் சும்மா கிடந்த இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்து, "ஒரு மணி நேரத்துல முடிஞ்சிருமா தம்பி?" என்றார். "முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்றேன். அப்போது காலை பத்து மணி.

புதிதாகவே போட்டுவிடலாம் என்று ஜேடிகே 17 (ஜாவாவின் முழுத் தொகுப்பு), டாம்கேட் 10.1 இரண்டையும் இறக்கினேன். டாம்கேட்டை ஜிப்பிலிருந்து பிரித்து, 'பின்' (bin) என்ற ஃபோல்டருக்குள் இருக்கும், டாம்கேட்டைக் கிளப்பும் ஸ்டார்ட்அப்.பேட் மேல் டபுள் கிளிக். கறுப்பு ஜன்னல் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிட்டது. மறுபடி கிளிக், மறுபடி அதே. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட விடவில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்டைத் தனியாகத் திறந்து, பின் ஃபோல்டருக்குள் போய், 'கேட்டலினா ரன்' என்று தட்ட வேண்டும். அதே ஜன்னலிலேயே ஓடுவதால் திட்டு முழுவதையும் படிக்கலாம். படித்தேன். ஜாவா_ஹோமும் இல்லை, ஜேஆர்இ_ஹோமும் இல்லை, இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்றது. ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸில் குறித்து வைக்கும் பெயர்கள் இவை; ஜேஆர்இ என்பது ஜாவாவை ஓட்ட மட்டும் தேவையான பகுதி.

எனக்கு எரிச்சல். அதே ஜன்னலில் 'ஜாவா -வெர்ஷன்' என்று கேட்டால் 17 என்று ஒழுங்காகப் பதில் வருகிறதே! பிறகுதான் உறைத்தது. நாம் ஜாவா என்று தட்டினால் விண்டோஸ் பாத் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படுவதை ஓட்டும். டாம்கேட்டின் பேட் ஃபைல்கள் பாத் பக்கமே போகாது. மதுரையில் மாசி வீதிக்கு வா என்றால் கீழயா, மேலயா, தெக்கயா, வடக்கயா என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கும் அப்படி முழு விலாசம் வேண்டும்.

சரி என்று இந்தப் பெயர்களை வைக்கும் என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் திறந்து, சிஸ்டம் பகுதியில் ஜாவா_ஹோம் சேர்த்தேன். திரும்ப ஓட்டினால் அதே திட்டு. எழுத்துப் பிழையா என்று மூன்று முறை பார்த்தேன். பிழை இல்லை. பழைய கறுப்பு ஜன்னலிலேயே ஓட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்த ஜன்னல், தான் திறந்தபோது இருந்த மதிப்புகளைத்தான் வைத்திருக்கும். நடுவில் நாம் மாற்றியது அதற்குத் தெரியாது. இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இதில் இன்னும் விழுகிறேன்.

மூடிவிட்டுப் புது ஜன்னல் திறந்தேன். இப்போது திட்டு மாறியிருந்தது: ஜேஆர்இ_ஹோம் சரியில்லையாம். நான் அதை வைக்கவே இல்லையே! இங்கேதான் பெரிய கோட்டை விட்டேன். வைக்கச் சொல்கிறது போல என்று நினைத்து ஜேஆர்இ_ஹோம் என்று ஒன்றைப் புதிதாக உண்டாக்கி, புரோகிராம் ஃபைல்ஸில் கண்ணில் பட்ட ஜேஆர்இ ஃபோல்டரைக் கொடுத்தேன். அது வேறு எதற்கோ யாரோ எப்போதோ போட்டு வைத்த ஜாவா 8.

விளைவு, திரை முழுக்க எரர். நடுவில் 55.0 என்றும் 52.0 என்றும் இரண்டு எண்கள். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11. டாம்கேட் 10.1-க்குக் குறைந்தது ஜாவா 11 வேண்டும். நான் 17 போட்டிருக்கும்போது 8 எங்கிருந்து வந்தது? மேலே ஏறிப் பார்த்தேன். டாம்கேட் கிளம்பும்போதே எந்த ஃபோல்டர்களைப் பயன்படுத்துகிறேன் என்று சில வரிகள் எழுதும். அதில் ஜேஆர்இ_ஹோம் வரியில் நான் கொடுத்த பழைய ஃபோல்டர் பல்லிளித்தது. இரண்டும் இருந்தால் ஜேஆர்இ_ஹோமுக்குத்தான் மரியாதை.

அப்படியானால் முதலில் ஏன் அது சரியில்லை என்றது? டாம்கேட்டுக்காக ஜாவாவைத் தேடும் செட்கிளாஸ்பாத்.பேட் ஃபைலை நோட்பேடில் திறந்தேன். ஜேஆர்இ_ஹோம் இல்லாவிட்டால் ஜாவா_ஹோமின் மதிப்பையே அதற்குள் போட்டுக்கொண்டு, அதன் கீழே 'பின்' ஃபோல்டர், அதற்குள் ஜாவா.இஎக்ஸ்இ இருக்கிறதா என்று பார்க்கிறது. நான் ஜாவா_ஹோமையே பின் வரைக்கும் கொடுத்திருந்தேன். பின்னுக்குள் இன்னொரு பின்னைத் தேடியிருக்கிறது, பாவம். குற்றம் ஜாவா_ஹோமில், திட்டு ஜேஆர்இ_ஹோம் பெயரில்!

ஜேஆர்இ_ஹோமை அழித்தேன். ஜாவா_ஹோமில் கடைசி பின்னை வெட்டி, ஜேடிகே-17 ஃபோல்டரோடு நிறுத்தினேன். புது ஜன்னல். 8080 போர்ட்டில் டாம்கேட்டின் முகப்பு வந்தது. மணி ஒன்றரை. அண்ணாச்சி சாப்பிடப் போய்விட்டு வந்தே விட்டார்.

நம் பில்லிங் புரோகிராம் ஜாவாஎக்ஸ் (javax) என்று தொடங்கும் பழைய லைப்ரரிப் பெயர்களில் எழுதியது. டாம்கேட் 10 முதல் அதெல்லாம் ஜகார்த்தா என்று மாறிவிட்டது. வார் ஃபைலை (புரோகிராம் முழுவதையும் கட்டிய ஒற்றை ஃபைல்) வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ ஃபோல்டரில் போட்டால் டாம்கேட்டே மாற்றிக்கொள்ளும், போட்டேன், மாற்றிக்கொண்டது. கல்லாவிலிருந்து திறக்கவில்லை, ஃபயர்வாலில் 8080-ஐ அனுமதித்ததும் திறந்தது.

கரண்ட் போய் வந்தால் தானாகக் கிளம்ப வேண்டுமே என்று சர்வீஸ்.பேட் வைத்து சர்வீஸாகவும் (விண்டோஸ் பின்னணியில் ஓட்டுவது) பதிந்தேன். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த ஜன்னல் வேண்டும்; பதிந்த பின் ஸ்டார்ட்அப் மேனுவல் என்று இருந்ததை ஆட்டோமேட்டிக் ஆக்கினேன். இந்த சர்வீஸ் ஜாவா எங்கே என்பதைப் பதியும்போதே குறித்துக்கொள்கிறது. பின்னால் ஜாவா_ஹோமை மட்டும் மாற்றினால் அது கேட்காது.

அண்ணாச்சி கடைப்பையன் கையால் மெயின் சுவிட்சை ஒருதரம் அணைத்துப் போடச் சொன்னார். கம்ப்யூட்டர் எழுந்து, குடோனிலிருந்து "வந்துருச்சு" என்று சத்தம் வந்த பிறகுதான் எனக்கு டீ வந்தது. ஜாவா_ஹோம் விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "இதுல பின் கிடையாது, சரிதானே தம்பி?" என்று கேட்டுக்கொண்டே சரக்கு நோட்டின் முதல் பக்கத்தில், பிள்ளையார் சுழிக்குக் கீழே ஒட்டினார்.