செருப்பை எங்கே விடுவது?

போன ஆடியில் ஒரு நாட்டை உருவாக்க ஆரம்பித்தேன். பெயர் ஒசேலி. நடுவில் பெரிய உப்பு ஏரி, மூன்று பக்கம் மலை, நான்காவது பக்கம் மணல். ஏரிக்கரையில் உப்பு வாருகிறவர்கள், மலையில் ஆடு மேய்ப்பவர்கள். ராஜா மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம். வரைபடம், ராஜ பரம்பரை, ஆட்டின் விலை, உப்பின் விலை எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்துவிட்டன. அப்புறம் தெய்வங்களுக்கு வந்தேன். ஏழு மாதமாக அங்கேயே நிற்கிறேன்.

இதெல்லாம் எதற்கு என்றால், மாதத்தில் இரண்டு ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் கூடிப் பகடை உருட்டி விளையாடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகக் கற்பனைக் கதைக்குள் போகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகைதான், ஆனால் விதிகளைப் பாதிக்கு மேல் மாற்றிவிட்டோம். கதையை நடத்துவது என் வேலை. மற்ற நாலு பேரும் என் உலகத்துக்குள் நடந்து, எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ சரியாக அங்கே காலை விடுவார்கள்.

முதலில் எக்செல் திறந்தேன். பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு தெய்வம். பெயர், துறை, ஆயுதம், வாகனம், நிறம், யாரோடு பகை. போருக்கு ஒருவர், காதலுக்கு ஒருத்தி, சாவுக்கு ஒருவர். முடித்துவிட்டுப் பார்த்தால் அமைச்சரவைப் பட்டியல் மாதிரி இருந்தது. யாருக்கு எந்த இலாகா என்று தெரிந்தது, மற்ற எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. பிரமாதமாக வந்திருக்கிறது என்று நினைத்து இரவு இரண்டு மணிவரை வாகனங்களுக்குக் கொம்பு வரைந்துகொண்டிருந்தேன்.

புரட்டாசியில் முதல் ஆட்டம். மழை தேவதையின் பெயர் நாயேலா. கம்பீரமாகச் சொன்னேன். "எந்த நாய் ஏலாது?" என்று கேட்டான் ஒருவன். அடுத்த அரை மணி நேரம் ஆட்டம் நடக்கவில்லை. (புதுப் பெயர் வைப்பவர்கள் எழுதிப் பார்த்தால் போதாது, வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்கள்.) சிரித்து ஓய்ந்து, அவர்களுடைய ஆட்கள் தலைநகரத்துக் கோயில் வாசலுக்கு வந்தார்கள். அக்கவுண்டன்ட் நண்பன் கேட்டான்: "செருப்பை எங்க விடணும்?"

என்னிடம் பதில் இல்லை. தேவதையின் ஈட்டி எத்தனை முழம் என்று தெரியும், செருப்பு தெரியாது. அவன் விடவில்லை. சாமிக்கு என்ன வாங்கிப் போகணும், யாரை உள்ளே விடமாட்டாங்க, வெளியே வரும்போது கையில் ஏதாவது தருவாங்களா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்ததும் எக்செல்லை அழித்தேன்.

இரண்டாவது முயற்சியை பயத்திலிருந்து தொடங்கினேன். இந்த ஊர்க்காரனுக்கு எது வந்தால் குடி கெடும்? நான் சின்ன வயதில் தூத்துக்குடி உப்பளங்களின் ஓரமாகவே பள்ளிக்கூடம் போனவன். ஊரெல்லாம் மழைக்கு ஏங்கும்போது அளத்தில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் வானத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். பாத்தியில் விளைந்து நிற்கும் உப்பின் மேல் ஒரு நல்ல மழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அளம் படுத்துவிடும், கூலியும் இருக்காது. ஒசேலியின் ஏரிக்கரைக்கும் இதே நிலைமைதான். ஆனால் மலையில் இருக்கிற ஆட்டுக்காரனுக்குப் புல் முளைக்க மழை வேண்டும்.

ஆக, தெய்வம் ஒன்றுதான், வேண்டுதல் இரண்டு. மலைக்காரர்கள் அவளைத் தெலூமி என்று கூவி அழைப்பார்கள். ஏரிக்காரர்கள் பெயரே சொல்வதில்லை, 'வந்துபோகிறவள்' என்பார்கள். வந்தாலும் போய்விடு என்ற விண்ணப்பம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊரில் ராத்திரி நேரத்தில் பாம்பைப் பாம்பு என்று சொல்லமாட்டார்கள். உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பினால் அம்மை என்று தாயின் பெயரால்தான் அழைப்பார்கள். அந்த மரியாதையில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று வளர்ந்த பிறகுதான் புரிகிறது.

நிலம்தான் தெய்வத்தைத் தீர்மானிக்கிறது என்பது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். பாலைக்கு அந்தச் சூத்திரத்தில் யாரும் இல்லை, கொற்றவையை வைத்தது பின்னால் வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது இத்தனை வருஷம் கழித்து இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று என் தமிழையா எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஐப்பசி முழுக்கக் கோயிலோடு போனது. ஏரிக்கரையில் மரம் கிடையாது, கல்லும் தூரம். உப்புக்கட்டியால் கோயில் கட்டினால் என்ன என்று தோன்றியது, கூடவே இது ரொம்ப ஓவர் என்றும் தோன்றியது. தேடினால், எகிப்தின் சீவா பாலைவனச் சோலையில் நிஜமாகவே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். உப்பும் களிமண்ணும் கலந்த கட்டிகளால் எழுப்பிய ஷாலி என்ற கோட்டை ஊர், பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நின்றது. 1926இல் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் உருக்குலைந்தது. அந்த மூன்று நாள் என்ற தகவலைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

ஒசேலியில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கோயிலைத் திரும்பக் கட்டுவார்கள். வீட்டுக்கு ஒரு கட்டி கொடுக்க வேண்டும். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இல் நடந்தது 62ஆவது தடவை. அங்கே தச்சு வேலை தலைமுறை தாண்டிப் போவதுபோல இங்கே கட்டி வார்க்கும் பக்குவம் போகிறது. செருப்புக்கும் விடை கிடைத்துவிட்டது. ஈரக்கால் பட்டால் சுவர் கரையும். அதனால் வாசலில் கால் கழுவக்கூடாது, உலர்ந்த மணலில் நூறு அடி நடந்துதான் உள்ளே போகவேண்டும். செருப்பு மணலுக்கு இந்தப் பக்கம். இந்த ஒரு விதிக்காக நான் பட்ட சந்தோஷம் பன்னிரண்டு வாகனத்துக்கும் சேர்த்துப் பட்டதில்லை.

திருவிழாக் கணக்கில் மறுபடி மாட்டினேன். ஒசேலிக்கு இரண்டு நிலா. ஒன்றுக்கு 18 நாளில் பௌர்ணமி, மற்றதற்கு 27 நாளில். இரண்டும் ஒன்றாக நிறையும் நாள் அபூர்வமான பெருவிழா என்று எழுதிவைத்திருந்தேன். அக்கவுண்டன்ட் போனை எடுத்துத் தட்டிவிட்டு, "மச்சான், உன் அபூர்வம் 54 நாளைக்கு ஒரு தடவை வருது" என்றான். சரி என்று 18ஐ 19 ஆக்கினேன். இப்போது 513 நாளைக்கு ஒருமுறை. அவர்களுடைய ஆண்டு 360 நாள் என்பதால் விழா ஒவ்வொரு தடவையும் 153 நாள் தள்ளிப் போகும். ரமலான் ஒவ்வொரு வருஷமும் 11 நாள் போல முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வருகிறதே, அந்த மாதிரி. ஒசேலியில் அதே தேதிக்குத் திரும்ப 57 வருஷம் ஆகும், நடுவில் 40 விழா. சில விழாக்கள் உப்புக் காலத்தில் வரும், சில அடைமழையில். கூட்டல் கழித்தல் தவறியதில் இப்படி ஒரு லாபம்.

ராஜாவின் தெய்வத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அங்கே புதிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆசுரேன் என்ற சூரியக் கடவுள், ராஜா குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தவர். எகிப்தில் தீப்ஸ் நகரத்து அமுன், அந்த ஊர் அரசர்கள் பெரிய ஆளானதும் சூரியனான ராவோடு சேர்ந்து அமுன்-ரா ஆன வழிதான்.

சடங்கில்தான் ருசி இருந்தது. பாபிலோனின் புத்தாண்டு விழாவில் ராஜாவின் செங்கோலையும் முடியையும் வாங்கி வைத்துவிட்டு, பூசாரி அவர் கன்னத்தில் அறைவாராம். கண்ணில் நீர் வந்தால் தெய்வம் மகிழ்ந்தது என்று பொருள். பழங்காலத்தில் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகள் பிற மக்களின் தெய்வங்களைச் சேர்த்துக்கொண்டே போய்த் தங்கள் நாட்டுக்கு ஆயிரம் தெய்வம் என்று சொல்லிக்கொண்டவர்கள். அந்தந்தத் தெய்வத்துக்கு அதனதன் மொழியிலேயே மந்திரம் சொன்னார்கள், அந்த மொழி வழக்கொழிந்து போனபோதும். இரண்டையும் கலந்தேன். உப்புக்காலம் தொடங்கும் நாளில் ஒசேலி ராஜா ஏரியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், தனக்குப் புரியாத பழைய ஏரிமொழியில். ஒரு கிழவி அடியெடுத்துக் கொடுப்பாள். ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து.

கார்த்திகையில் இதை ஆடிப் பார்த்தோம். கிழவியாக உட்கார்ந்தது எங்கள் கூட்டத்திலேயே மூத்தவரான அக்கா ஒருவர். நான் எழுதிக்கொடுத்த ஒன்பது சொற்களை ராஜாவாக நடித்தவன் ஆறு தடவை தப்பாகச் சொன்னான். முதல் மூன்று தடவை சிரித்தோம். ஐந்தாவது தடவை அக்கா முகத்தைத் தூக்காமல், கையை மட்டும் ஆட்டி "முதல்லேர்ந்து" என்றபோது யாரும் சிரிக்கவில்லை. நான் எழுதாத ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அதே அக்காதான் தை மாதம், டீயை உறிஞ்சிக்கொண்டே, "செத்தவங்களை என்னப்பா பண்ணுவாங்க?" என்றார். இதையும் யோசித்திருக்கவில்லை. விறகு இல்லை, எரிக்க முடியாது. தோண்டினால் உப்பு. 1993இல் ஈரானின் செஹ்ராபாத் உப்புச் சுரங்கத்தில் ஒரு மனிதனின் தலை கிடைத்தது. வெள்ளை முடியும் தாடியும் அப்படியே இருந்தன, காதில் தங்க வளையம். தோல் பூட்ஸுக்குள் காலும் கிடைத்தது. சுமார் ஆயிரத்து எழுநூறு வருஷமாக உப்பு அவனை வைத்திருந்திருக்கிறது. ஒசேலியில் எல்லாப் பிணமும் அப்படித்தான் ஆகும். அழியாத உடம்பு அங்கே வரம் ஆகாது. உடம்பு கரைந்தால்தான் ஆள் போனதாகக் கணக்கு. கரைப்பது யார்? வந்துபோகிறவள்.

அதாவது ஏரிக்காரனுக்கு உயிரோடு இருக்கிறவரை அவள் வரக்கூடாது, செத்தபின் வரவேண்டும். மழை இல்லாத வருஷம் கை நிறையக் காசு, வீட்டுப் பின்னால் போகாமல் கிடக்கிற அப்பா. எழுதி முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பன்னிரண்டு தெய்வத்தில் இப்போது மிச்சம் மூன்று பேர்: தெலூமி, ஆசுரேன், பேசாத ஏரி. பாத்திக்கு ஒன்றாகச் சாமியென்று நட்டு வைத்திருக்கும் கற்களை நான் எண்ணவில்லை, ஒசேலிக்காரர்களும் எண்ணமாட்டார்கள். இன்னொன்றும் முடிவு செய்தேன்: எந்தத் தெய்வமும் கதைக்குள் நேரில் வராது. இந்த வகை ஆட்டங்களில் சாமி கூப்பிட்டவுடன் வந்து தீப்பந்து எறிவது வழக்கம். வந்து நின்றுவிட்டால் நம்பிக்கைக்கு அங்கே என்ன வேலை?

போன ஞாயிறு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆட்டத்தில் மழை இல்லாமல் மூன்றாவது வருஷம். அக்கா நடத்தும் பாத்திரத்தின் தாய் இறந்து இரண்டு வருஷம். ஊரே விளைச்சலில் கொழிக்கிறது. நள்ளிரவில் அவள் ஒரு குடம் நல்ல தண்ணீரை மலையடிவாரத்திலிருந்து சுமந்து வந்து, அம்மாவின் மேல் ஊற்றுவதாகச் சொன்னார். தெய்வத்தின் வேலையை மனுஷி செய்வது அந்த ஊரில் பாவமா, குற்றமா, யாருக்குமே தோன்றாத புது வழியா? நான் எழுதி வைத்த எதிலும் இல்லை. பகடையை உருட்டட்டுமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு குடத்துக்கு எவ்வளவு கரையும் என்று சமையலறையில் கல்லுப்பை வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 360 கிராம் உப்பைக் கரைக்கும். முகம் மட்டும் வெளியே தெரியலாம். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.