அட்மின் பெயருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

மதுரையில் எங்கள் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்லிக்கொள்ள 2019-ல் தொடங்கியது. இப்போது 400 பேருக்கு மேல். கரண்ட் கட், அவசரத்துக்கு ரத்தம், எல்லாம் அதில்தான். ஆரம்பத்திலிருந்து நான்தான் அட்மின்.

போன கோடையில் ஒருவர், கேன் தண்ணீரில் புழு மிதப்பதாக ஒரு படம் போட்டார். கூடவே தண்ணீர் கம்பெனியின் பெயர், உரிமையாளரின் செல் நம்பர், ‘இவன் திருடன், ஊருக்கே விஷம் கொடுக்கிறான்’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கைக்குழந்தைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பதறிப்போய், ‘தகவலுக்கு நன்றி, எல்லோரும் உஷாராக இருங்கள்’ என்று எழுதினேன். பக்கத்துப் பகுதிக் குழுவுக்கும் ஃபார்வர்டு செய்தேன்.

இரண்டு வாரத்தில் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. படம் போட்டவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 15 நாளுக்குள் மன்னிப்புக் கேட்டு 10 லட்சம் நஷ்டஈடு தர வேண்டும், இல்லையென்றால் அவதூறு வழக்கு. அன்று ராத்திரி எனக்கும் மனைவிக்கும் தூக்கமே இல்லை. குழுவையே கலைத்துவிடலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

நல்லவேளை, காலையில் தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் முதலில் சொன்னது: “சார், எதையும் அழிக்காதீங்க. அழிச்சா ஆதாரத்தை மறைச்சதா ஆயிடும்.” படங்களோடு சாட்டை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்த பிறகுதான் பதிவை நீக்கச் சொன்னார்.

அப்புறம் சட்டத்தை விளக்கினார். உறுப்பினர் போட்டதற்காக மட்டும் அட்மினைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-ல் சொல்லியிருக்கிறது. கரூர் வக்கீல் ஒருவர் நடத்திய குழு பற்றிய வழக்கில் நம் மதுரைக் கிளையும் அதே வருடம் டிசம்பரில், அவர் வெறும் அட்மின் மட்டும்தான் என்றால் போலீஸ் கோர்ட்டில் கொடுக்கும் இறுதி அறிக்கையில் அவர் பெயர் இருக்கக்கூடாது என்றது. எனக்கு மூச்சு வந்தது. “ஆனா நீங்க வெறும் அட்மின் மட்டும் இல்லையே” என்றார். ‘உஷாராக இருங்கள்’ என்று எழுதியதும் ஃபார்வர்டு செய்ததும் என் கை. அவதூறைப் பரப்பியதாக என் மேலேயே சொல்ல இடம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இதற்கு இரண்டு வருடம் வரை சிறை. உண்மையைப் பொதுநலனுக்காகச் சொன்னால் தப்பிக்கலாம், ஆனால் உண்மை என்று நாம்தான் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அந்தத் தீர்ப்புகள் வந்த காலத்தில் அடுத்தவர் பதிவை அட்மினால் எல்லோருக்கும் நீக்க முடியாது. 2022-லிருந்து முடியும். ‘பார்த்தும் ஏன் விட்டுவைத்தாய்’ என்று நாளை ஒரு நீதிபதி கேட்கலாம். இதை அட்மின்கள் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

படம் போட்டவரிடம் அந்தக் கேன் வாங்கிய பில் கேட்டேன். இல்லை. படமே அவர் எடுத்ததில்லை, வேறெங்கோ இருந்து வந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் ஒருவரின் பிழைப்பில் கை வைத்திருக்கிறேன்.

அதற்குள் கம்பெனிக்காரர் ஸ்டேஷனிலும் மனு கொடுத்திருந்தார். அவதூறுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது, அதனால் சி.எஸ்.ஆர். (மனு வந்ததற்கான பதிவு) போட்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வக்கீலோடு போனேன், நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கம்பெனிக்காரரும் வந்திருந்தார். வக்கீலிடம் கேட்டுவிட்டு, கம்பெனிக்காரர் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டு குழுக்களிலும் மறுப்பு போட வேண்டும் என்றார். போட்டோம். நஷ்டஈட்டை விட்டுவிட்டு, மனு மேல் நடவடிக்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வக்கீல் ஃபீஸ் மட்டும் எனக்குச் செலவு.

இப்போது அட்மின்கள் மூன்று பேர். யாருடைய பெயரோடும் நம்பரோடும் புகார் வந்தால், முதலில் பார்ப்பவர் அதை நகல் எடுத்து வைத்துக்கொண்டு நீக்குகிறார். போன மாதம் ஒரு பேக்கரியைப் பற்றி ஒரு படம் வந்தது. நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. போட்ட அக்காவைப் போனில் கூப்பிட்டு, பில்லோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொன்னேன். அன்றைக்கே அனுப்பிவிட்டார்.