நியாயத்தீர்ப்பைச் சொல்லும்போது

தெருப் பிரசங்கத்தில் நின்று கேட்பவர் பத்து நிமிஷம் தருவார், அதற்குமேல் பஸ் வந்துவிடும். அந்தப் பத்து நிமிஷத்தில் சமாதானம், சுகம், ஆசீர்வாதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மரணத்துக்குப் பின் தேவன் கணக்குக் கேட்கும் நியாயத்தீர்ப்பை மட்டும் விட்டுவிடுவது சுவிசேஷ ஊழியர்களிடம் பழகிப்போயிருக்கிறது. முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம்தான் காரணம். ஆனால் தீர்ப்பு என்ற ஒன்று இல்லையென்றால் 'இயேசு உங்களுக்காக மரித்தார்' என்பது, யாரோ ஒரு நல்ல மனுஷனுக்கு நேர்ந்த கொடுமையாகத்தான் காதில் விழும்.

அப்போஸ்தலன் பவுல் இதை விடவில்லை. தேசாதிபதி பேலிக்ஸின் முன்னால் நீதி, இச்சையடக்கம், இனிவரும் நியாயத்தீர்ப்பு என்று மூன்றையும் பேசினார். பேலிக்ஸ் நடுங்கிப்போய், 'எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்' என்று அனுப்பிவிட்டான் (அப். 24:25). அங்கே கைதியாக நின்றவர் பவுல், விடுவிக்கும் அதிகாரம் இருந்தது பேலிக்ஸிடம். தீர்ப்பைச் சொல்ல ஏற்ற இடம் அதுதான். வேன் மேல் ஏறி, நாலு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, கீழே நிற்பவர்களைப் பார்த்து 'நீங்கள்' 'நீங்கள்' என்று விரல் நீட்டினால் அது பிரசங்கி கொடுக்கும் தீர்ப்பாகிவிடுகிறது. 'நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக' (2 கொரி. 5:10) என்ற வார்த்தையில் பிரசங்கியும் அடக்கம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், வார்த்தைகள். 'பாவம்' என்று சொன்னால் பாதிப் பேருக்கு 'ஐயோ பாவம்'தான் ஞாபகம் வரும். 'நரகம்' என்றால் எமலோகமும் எண்ணெய்க் கொப்பரையும். அதில் தண்டனை முடிந்தால் மறுபடி ஒரு பிறவி உண்டு. அதனால் எபிரெயர் 9:27ஐ வாசிக்கும்போது 'ஒரேதரம்' என்ற சொல்லில் நிறுத்தி, ஒரே வாழ்க்கை, ஒரே மரணம், பின்பு கணக்கு என்று விளக்கவேண்டும். அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போனால் மற்றதெல்லாம் வேறு அர்த்தத்தில்தான் போய்ச் சேரும்.

'அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்' என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது உண்டு. தொடங்க நல்லது, ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து. வியாதி, விபத்து, குழந்தையில்லாமை எல்லாமே தீர்ப்பு என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுவார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பிணங்களை எடுத்து முடிக்கும் முன்பே, இது தேவகோபம் என்று பேசியவர்கள் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்களையும் அதே அலைதான் வாரிக்கொண்டுபோனது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று சொன்னவர் இயேசுவேதான் (லூக். 13:4, 5). துக்க வீட்டில் அந்த வசனத்தை மறந்த ஊழியர் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

'இயேசுவை ஏற்றுக்கொள்ளாவிட்டால் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஆகும்' என்ற பேச்சும் இதே தவற்றிலிருந்து பிறப்பதுதான். ஒடிசாவின் 1967ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டம், தெய்வ கோபத்தைக் காட்டி மிரட்டுவதையும் மதம் மாற்றும் பலவந்தத்தில் சேர்த்தது. வேறு சில மாநிலச் சட்டங்களிலும் இதே வாசகம் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை விடுவதற்குக் காரணம் வழக்கு வரும் என்பதல்ல. அப்படி ஒரு சுவிசேஷம் வேதத்தில் கிடையாது.

தேதி குறிப்பதும் வேண்டாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்து நொறுங்கிப்போனார்கள். அந்த நாளைக் குமாரனும் அறியார் (மாற். 13:32) என்ற பிறகு நாட்காட்டியில் நமக்கு என்ன வேலை?

வீடு சந்திப்பில் முதல் கேள்வி ஒன்று போதும்: 'சாவுக்குப் பிறகு என்னன்னு நினைக்கிறீங்க, ஐயா?' பதில் முழுவதும் வரும்வரை குறுக்கே பேசக் கூடாது. வேதப்புத்தகத்தையும் அதுவரை திறக்க வேண்டாம். பெரும்பாலும் பெரியவர்கள் தாங்களே கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். ஏமாற்றிய பங்காளி, கடைசிவரை பேசாமல்போன அண்ணன் என்று வரும். அதன் பிறகு சொல்வது பாரமாக இருக்காது. வரும்போது மாற்கு சுவிசேஷம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வரலாம். பதினாறே அதிகாரம், ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஆஸ்பத்திரி வார்டில் முறை வேறு. நர்ஸிடம் அனுமதி, நோயாளியிடமும் அனுமதி, ஐந்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. ஆக்சிஜன் வைத்திருப்பவரிடம் கடைசித் தீர்ப்பின் வெள்ளைச் சிங்காசனத்தைப் பற்றிப் பேசவே கூடாது. நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்தில் உட்கார்ந்து, லூக்கா 23இல் 39 முதல் 43 வரை மெதுவாக வாசித்தால் போதும். அங்கே தீர்ப்பைச் சொல்பவன் சிலுவையில் தொங்கும் கள்ளன்: 'நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்.' அடுத்த மூச்சில் அவனே, 'அடியேனை நினைத்தருளும்' என்கிறான். வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். அந்த ஜெபத்தைச் சொல்ல விரும்புகிறவர் தாமே சொல்வார்.