டயல் செய்யாத போன்

நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடையில் ராம் (கம்ப்யூட்டர் மெமரி) விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து அந்தத் திருப்பூர்க்காரர் நினைவு அடிக்கடி வருகிறது. 2021 மார்ச்சில் அவரிடம் ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய்தான். ஆனாலும் போக மாட்டேன் என்கிறது.

ஜனவரியிலேயே அவருக்குக் கொட்டேஷன் எழுதிக் கொடுத்திருந்தேன். மகள் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறாள், 3டியும் படிக்கிறாள் என்றார். அதற்குத் தகுந்த ப்ராசசர், போர்டு, ராம், கூடவே ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்கிற கிராபிக்ஸ் கார்டு. கார்டு மட்டும் 22,500 ரூபாய். பணம் புரட்டிக்கொண்டு மார்ச்சில் வந்தார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்த இடத்தில் எழுத்து தேய்ந்திருந்தது, விலை மட்டும் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு அதே கார்டு 35,000.

"எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே தம்பி?"

"ஆமாங்க. மார்க்கெட் ஏறிருச்சுங்க. விலை மாறும்னு அடியில அச்சடிச்சிருக்குது பாருங்க."

அவர் அடியில் பார்க்கவில்லை. "கடையில இருக்குதுங்களா?"

"ரெண்டு இருக்குதுங்க."

"அது எப்ப வாங்குனதுங்க?"

டிசம்பரில் வாங்கியது. ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்த்து எங்களுக்கு 21,000 கூட ஆகவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஓனரைக் கேட்டுட்டு வந்தர்றேனுங்க" என்று ஸ்டாக் ரூமுக்குப் போனேன். மானிட்டர் பெட்டிகளுக்கு நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். டயல் செய்யவில்லை. ஒரு நிமிடம் கழித்து வெளியே வந்து, "ஒத்துக்க மாட்டேங்கறாருங்க" என்றேன்.

அவர் கோபப்படவே இல்லை. "எங்களுக்கும் நூல் ஏறிட்டேதான் இருக்குது. எடுத்த ஆர்டரைப் பழைய ரேட்டுக்குத்தான் தெச்சுக் குடுத்துட்டிருக்கறோம்" என்றார். சீட்டை அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்தார். ப்ராசசரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்ததால், கார்டை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அசெம்பிள் செய்து எடுத்துப் போனார். அன்று சாயங்காலமே இரண்டு கார்டும் மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிக்கிற வேலை, செய்கிற ஒருவருக்குப் போயின. அவர் விலை பேசவில்லை.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றை 22,500-க்கு விற்றால், அந்த இடத்தில் அடுத்ததை வைக்க முப்பதாயிரத்துக்கு மேல் வேண்டும். அதுவும் டிஸ்ட்ரிபியூட்டர் சும்மா தர மாட்டார். இரண்டு கார்டு கேட்டால், ஓடாத மதர்போர்டு நாலை எடு என்பார். இந்தக் கார்டுகளுக்குச் சிப் செய்யும் என்விடியா, பிப்ரவரி கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3060 என்கிற புதுக் கார்டை விட்டபோது, எத்தீரியம் என்கிற கிரிப்டோ காசுக்கான மைனிங் வேகத்தைப் பாதியாக்கி ஒரு பூட்டுப் போட்டது. பழைய 1660 சூப்பருக்கு அந்தப் பூட்டு கிடையாது. மைனிங்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்கினார்கள். பெட்டியில் இருந்த எம்ஆர்பிக்குக் கீழேதான் நாங்கள் விற்றோம், சட்டப்படி குற்றம் இல்லை. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்த மாதங்களின் வாடகையும் பாக்கி. இதில் எதுவும் பொய் இல்லை.

இவ்வளவு நியாயம் கையில் இருந்தும் போனைக் காதில் வைத்து நடிக்க வேண்டி வந்தது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. "முடியாதுங்க, எனக்கு அடுத்த சரக்கு எடுக்கணும்" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அவரும் வியாபாரிதான், புரிந்துகொண்டிருப்பார். முடிவு என்னுடையது. பழியை அங்கே இல்லாத ஓனர் மேல் போட்டேன்.

2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு எத்தீரியத்துக்குக் கார்டு போட்டு மைனிங் செய்வது நின்றுபோனது. ஓடித் தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹேண்டில் கைமாறி வர ஆரம்பித்தன. அடுத்த ஜனவரியில் ஒரு பையன் வாரண்டிக்கு ஒரு 1660 சூப்பரைக் கொண்டுவந்தான். ஒரு ஃபேன் சுற்றவில்லை. ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி, தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டு ஓரமெல்லாம் பிசுபிசுப்பு. சீரியல் நம்பரைப் பில்லோடு ஒப்பிட்டேன். அந்த இரண்டில் ஒன்று. மூன்று வருட வாரண்டி முடியாததால் ஃபாரம் எழுதி அனுப்பினேன். திருப்பூரில் அந்தப் பெண் இந்நேரம் வேறு கார்டு வாங்கியிருப்பாளா, படிப்பையே மாற்றிக்கொண்டிருப்பாளா என்று யோசித்தேன். அவர் நம்பர் பழைய கொட்டேஷன் புத்தகத்தில் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பையன் ராமுக்கு நான் எழுதிய பழைய சீட்டோடு வந்தான். ஏஐ சர்வர்களுக்கு மெமரி போவதால் இங்கே ராம் விலை ஏறிவிட்டது. அவன் சீட்டுக்கும் அன்றைய விலைக்கும் 3,000 ரூபாய் வித்தியாசம். இந்தத் தடவை அவன் எதிரிலேயே ஓனருக்கு டயல் செய்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எழுதிக் குடுத்தது நாமதானே, குடுத்துரு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பையன் சந்தோஷமாகப் போனான். நான் பில் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். மூவாயிரத்துக்கு இப்படிச் சொன்னவர் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் சொல்லியிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.